சான்றிதழ் இல்லாத பாடம்

பாலை மண்ணில் தமிழ்ப் பயிர் வளர்க்கும் நம் பள்ளியின் ஆண்டு விழா மலருக்கு எதை எழுதலாம் என்று எண்ணியபோது, எங்கள் நினைவில் முதலில் எழுந்தவர் ஓர் அம்மையார். அவர் புகழ் பெற்றவர் அல்லர். எங்கள் சபையில் பியானோ வாசித்தவர். ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. மூன்று பிள்ளைகளின் தாய். நாங்கள் எல்லோரும் அவரை 'டீச்சரம்மா' என்றே அழைத்தோம்.

அந்நாளில் இங்கு வெள்ளிக்கிழமையே விடுமுறை. துபாய் ஊத் மேத்தா வட்டாரத்து ஆலய வளாகத்தில் பல மொழிச் சபையினர் முறை வைத்து ஆராதனை நடத்துவர். ஒரு மொழியின் 'ஆமென்' ஓயுமுன் அடுத்த மொழியினர் வாயிலில் காத்து நிற்பர். எங்கள் முறைக்கு முன்னதாகவே டீச்சரம்மா வந்துவிடுவார். தலை குனிந்து ஜெபித்த பின்னரே பியானோவின் மூடியைத் திறப்பார். பாமாலைகளை இசைத்தாள் பார்த்து வாசிப்பார். கீர்த்தனைகளுக்கோ தாள் இல்லை. நெல்லைச் சீமையில் தம் தாயார் ஆர்மோனியத்தில் வாசிக்கக் கேட்டுக் கற்றவை அவை. அவர் விரல்களிலேயே குடியிருந்தன.

பியானோவில் கீர்த்தனை வாசிப்பது எளிதன்று. ஒரு ஸ்தாயிக்கு வெள்ளைக் கட்டைகள் ஏழு, கறுப்புக் கட்டைகள் ஐந்து, ஆகப் பன்னிரண்டே. வீணையில் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்கலாம். பியானோக் கட்டையில் அது இயலாது. "கமகத்தைப் பாடுகிறவர்களிடம் விட்டுவிட வேண்டும். பியானோ ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும்" என்பார் டீச்சரம்மா. அவருடைய வாழ்க்கையும் அவ்வாறே இருந்தது.

எங்கள் மகளை இலண்டன் இசைத் தேர்வுகளுக்காக அவரிடம் அனுப்பினோம். மூன்று கிரேடுகள் தேறினாள். ஒரு நாள் அவர், "பிள்ளைக்கு நல்ல கேள்வி ஞானம் இருக்கிறது. வாரம் அரை மணி கூடுதலாக அனுப்புங்கள். கீர்த்தனைகளைச் சொல்லித் தருகிறேன். பணம் ஒன்றும் வேண்டாம்" என்றார். "அதற்குச் சான்றிதழ் உண்டா, டீச்சரம்மா?" என்று கேட்டோம். சிரித்தபடியே, "இல்லை" என்றார். நாங்கள் அனுப்பவில்லை.

வளைகுடா வாழ்வின் இலக்கணம் நாம் அறிந்ததே. பணி முடிந்தால் விசாவும் முடிகிறது. டீச்சரம்மாவும் அவர் கணவரும் ஊர் திரும்பினர். அடுத்த வெள்ளியன்று எங்கள் மகளே பியானோவில் அமர்ந்தாள். பாமாலையைப் பிழையின்றி வாசித்தாள். கீர்த்தனை எண் அறிவிக்கப்பட்டதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சபையார் பியானோ இன்றியே பாடினர். பாதியில் சுருதி இறங்கிற்று. வீடு திரும்பும் வழியில், "எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே, அப்பா" என்றாள். வண்டியில் எங்கள் இருவரிடமும் விடை இல்லை.

அதன் பின்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் குடும்ப வரலாறு எங்கள் கைக்கு வந்தது. 1859-இல் பிறந்த அவரும், துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியப் பணி செய்தவர்கள். பின்னர்ச் சித்த மருத்துவராகிய பண்டிதர், ஈட்டிய செல்வத்தை இசை ஆராய்ச்சியில் செலவிட்டார். பழந்தமிழர் ஸ்தாயியைச் சமமாகப் பகுத்து இருபத்து நான்கு சுருதிகள் கண்டனர் என்பது அவர் கொள்கை. இருபத்திரண்டே என்போர் அதனை மறுத்தனர். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் அவர் சொல்லால் மட்டும் வாதிடவில்லை. தம் புதல்வியரைக் கொண்டு இசைத்தும் காட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' முதற் பகுதி வெளிவந்தது. 1919-இல் அவர் மறைந்தார். இரண்டாம் பகுதியை 1946-இல் வெளியிட்டவர் அவர் மகள் மரகதவல்லி துரைபாண்டியன். இடையில் இருபத்தேழு ஆண்டுகள்! தந்தை மகளுக்கு இசை கற்பித்ததற்கு எந்தச் சான்றிதழ் கேட்டிருப்பார்?

ஊரில் இருந்தவர்களுக்கு இருபத்தேழு ஆண்டுகள் வாய்த்தன. வளைகுடாவில் நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. பக்கத்து வீட்டார் அடுத்த ஆண்டு இங்கிருப்பாரோ, எவரும் அறியோம்.

அடுத்த கோடை விடுமுறையில் மகளைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். டீச்சரம்மாவின் விரல்கள் வாதத்தால் விறைத்திருந்தன. ஆர்மோனியத்தில் அவர் ஒவ்வொரு சுரமாகத் தொட, மகள் சரிகமவைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டாள். பதினொரு கீர்த்தனைகள் கிடைத்தன. மேலும் சிலவற்றின் முதலடி மட்டும் அவர் நினைவுக்கு வந்தது, மெட்டு வரவில்லை. "பரவாயில்லை அம்மா, வந்தது போதும்" என்று அவரே எங்களைத் தேற்றினார். கிடைத்த பதினொன்றையும் எங்கள் மகள் இன்று இரண்டு சிறுமியருக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

மாணவச் செல்வங்களே! நம் தமிழ் வகுப்பின் மதிப்பெண் உங்கள் பள்ளி அறிக்கையில் இடம் பெறுவதில்லை. அதனாலேயே அது சிறியதாகிவிடாது. உங்கள் வீட்டில் பாட்டியார் பாடுவது தேவாரமாகட்டும், முனாஜாத்தாகட்டும், கீர்த்தனையாகட்டும், தாலாட்டாகட்டும், அருகில் அமர்ந்து கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர்களே! யாரேனும் உங்கள் பிள்ளைக்கு அரை மணி நேரம் தர முன்வந்தால், நாங்கள் கேட்ட கேள்வியை நீங்கள் கேளாதீர்கள்.