சுண்ணாம்பும் சிறுநீரகமும்

மலாய் மொழியில் பினாங் என்பது பாக்கு. தீவுக்கே பாக்கின் பெயர் வாய்த்திருக்க, முன்னர் பிட் தெரு எனப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலும் அதனையடுத்த தெருக்களிலும் தாம்பூலத்துக்கு மரியாதை குறையாதிருப்பதில் வியப்பில்லை. 1801-ல் தோன்றிய பள்ளிவாசலுக்கும், குவான் யின் கோயிலுக்கும், அடுத்த தெரு மாரியம்மன் கோயிலுக்கும் செல்வோர் வெவ்வேறு மதத்தினராயினும் சிறுநீரகத்துக்குரிய சட்டம் எல்லோர்க்கும் ஒன்றே.

தோட்டத்துக் கிராணியாகிய நாம் மாதந்தோறும் இச்சாலையருகில் வசிக்கும் பெரியப்பாவைக் காண வருவதுண்டு. அவர் ஓயாமல் வெற்றிலை போடுபவர். வயிற்றெரிச்சலுக்குப் பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அளவின்றி உட்கொண்டு வந்தார். சென்ற ஆண்டு அவருக்குத் தீராத தாகமும், இரவெல்லாம் மூத்திரமும், மலச்சிக்கலும், மயக்கமும் கண்டன. நீரிழிவு என்றார் ஒருவர்; சூடு என்றார் மற்றொருவர்; தாயத்துக் கொணர்ந்தார் இன்னொருவர். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் குறையுமென்று செம்பையும் அப்புறப்படுத்தினர். இரத்தத்தைச் சோதித்தபோதோ சர்க்கரை சரியாயிருந்தது. சுண்ணாம்புச் சத்தே மிகுந்து, சிறுநீரகமும் தளர்ந்திருந்தது.

இதன் காரணம் யாது? 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச் சத்து இருத்தல் இயல்பு. அது மிகுந்தால், நீரைக் காக்குமாறு மூளையடிச் சுரப்பி விடுக்கும் கட்டளைக்குச் சிறுநீரகம் பணியாது. உப்பும் நீரும் வீணே வெளியேறும். இழந்த நீரைக் குடித்து ஈடுசெய்யாவிடின் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறையும். சுண்ணாம்பு வெளியேறுவதும் குறைந்து, மேலும் ஏறும். நாளடைவில் கற்களும் உண்டாகலாம். அந்நிலையில் செம்பைப் பறிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதேயாகும்.

நிற்க. கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளின் மிகைவேலையும் புற்றுநோயுமே இக்கேட்டுக்குப் பெரும்பான்மைக் காரணங்கள். எனினும், 1915-ல் அமெரிக்க வைத்தியர் சிப்பி குடற்புண்ணுக்கு வகுத்த பாலும் காரமும் கலந்த சிகிச்சையால் பலர் இவ்வாறே துன்புற்றனர். 1996-ல் தைவான் வைத்தியர்கள், சிப்பிச் சுண்ணாம்பு தடவிய பாக்கை மென்றதால் இந்நோய் வந்ததை எழுதினர். தாம்பூலம் தரிப்போரெல்லாம் இதற்கு ஆளாவர் என்பதன்று. அளவுக்கு மீறினோர்க்கே இவ்வபாயம். வாய்ப்புற்றுக்குப் பாக்கு காரணமாவதோ தனிக் கேடு.

சுண்ணாம்பையும் மாத்திரையையும் நிறுத்தி, நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றினர். பெரியப்பா பிழைத்தார், சிறுநீரகம் பழைய வலிமையை முற்றும் பெறவில்லை. ஒரு வாரம் முந்தியிருந்தால் பெற்றிருக்கவுங்கூடும். ஆதலின், தாகமும் மூத்திரமும் மிகுந்தால் தாயத்துக்குச் செலவிடும் காசை இரத்தச் சோதனைக்குச் செலவிடுங்கள். சர்க்கரையோடு சுண்ணாம்பையும் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள்.