நாள் கணக்கு

நம் வீடுகளில் கர்ப்பம் மூன்று மாதத்துக்கு ரகசியம். "நாள் தள்ளிப்போயிருக்கு" என்று அம்மாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லப்படும். மற்றவர்களுக்கு, கரு நிலைத்த பிறகு. இந்த மௌனத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். கலைந்துபோனால் ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் அவஸ்தையிலிருந்து எத்தனையோ பெண்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் என் தங்கை விஷயத்தில் அது செல்லுபடியாகவில்லை.

அவளுக்குச் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, மூட்டுகளில் வலித்து, கடைசியில் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும் வியாதி. செயற்கை வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தானும் அவர் குழுவினரும் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனித இதயத்தில் பொருத்திய அந்தச் சித்ரா வால்வுதான். உலோகச் சட்டத்துக்குள் ஒரு தட்டு சாய்ந்து சாய்ந்து திறக்கும். உடம்புக்கு அது என்றைக்கும் அந்நியப் பொருள். அதன்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். ஆகவே ஆயுள் பூராவும் வார்ஃபரின்.

இந்த மருந்தின் பூர்வீகம் விசித்திரமானது. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி விஷமாக விற்பனைக்கு வந்தது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கு அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். விஷமா மருந்தா என்பது அளவையும் ஆளையும் பொறுத்தது. கர்ப்பத்தில் ஆள் இரண்டாகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகும். 6ஆவது வாரத்திலிருந்து 12ஆவது வாரம் வரை அது முக்கியமாக மூக்கெலும்பையும் மற்ற எலும்புகளின் முனைகளையும் கெடுக்கலாம். ஹெப்பாரின் ஊசி கருவை எட்டாது. ஆனால் செயற்கை வால்வை வார்ஃபரின் அளவுக்குக் காப்பாற்றாது. போதாததற்கு, பிரசவத்தின் ரத்தப்போக்கை எதிர்பார்த்துக் கர்ப்பிணியின் ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையத் தயாராகிறது. பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து. வால்வில் ரத்தம் கட்டினால் இரண்டு உயிரும் போகும்.

வங்கியில் 'வேல்யூ டேட்' என்று ஒன்று உண்டு. பதிவு இன்றைக்கு விழுந்தாலும் கணக்கு முந்தைய ஒரு தேதியிலிருந்து ஓடும். கர்ப்பத்துக்கும் அப்படித்தான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாகாமலே இரண்டு வாரம் கணக்கில் ஏறிவிடுகிறது. தங்கை நாள் தள்ளி ஐந்தாம் நாள் சோதித்துப் பார்த்தாள். அன்றைக்கே 33 நாள். 6 வாரம் முடிய மிச்சம் 9 நாள். 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது அரசாங்கம். மற்றவர்களுக்கு அது போதும். இவளுக்கு 12 வாரம் என்பது எல்லாம் முடிந்த பிறகு.

இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று: ஊசிக்கு மாறுவது; தினம் இரண்டு வேளை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, எடை ஏற ஏற அளவை மாற்றுவது. மற்றது: அவளுக்குத் தேவைப்படுவது தினம் 4 மில்லிகிராம்தான், 5க்கு உள்ளே இருப்பதால் கருவுக்கு ஆபத்து குறைவு, குறைவுதான், இல்லை என்பதில்லை. அதை ஒப்புக்கொண்டு மாத்திரையைத் தொடர்வது. முடிவு அவளுடையது என்றார்கள்.

நம் சிறுகதைகளில் கருவுற்ற பெண் வாந்தியெடுப்பாள், மாங்காய் தின்பாள், தியாகம் செய்வாள். மாத்திரை சாப்பிடமாட்டாள். மேடவாக்கம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் எதிர்பார்த்ததும் அந்தக் கதாபாத்திரத்தைத்தான். "பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்யும்மா" என்றார் மாமியார், மிகுந்த பிரியத்தோடு. "நான் இல்லாட்டி அது எங்க இருக்கும் அத்தை?" என்றாள் தங்கை. மாத்திரையைத் தொடர்வதாகச் சொன்னாள். அவள் குரலில் தியாகமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. வேறொருத்தி ஊசியைத் தேர்ந்திருக்கலாம். அதுவும் சரியாகவே இருந்திருக்கும்.

ரகசியம் அத்துடன் உடைந்தது. உடைந்ததில் சில சௌகரியங்கள். அன்பாகத் தினம் முருங்கைக்கீரை கொண்டுவந்த பெரியம்மாவிடம், கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்தை மழுங்கடிக்கும், ஒரே நாளில் அள்ளிப் போடாமல் வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சொல்ல முடிந்தது. இடுப்பு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்காமல் ஒரு வலி மாத்திரை வாங்கினால் ரத்தம் கசியக்கூடும் என்பது கணவனுக்குத் தெரிந்தது. மௌனத்திடம் இதையெல்லாம் சொல்லிவைக்க முடியாது.

20ஆவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். மங்கலான திரையில் டாக்டர் ஒரு சின்னக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "மூக்கெலும்பு சரியா இருக்கு" என்றாராம். 36ஆவது வாரத்தில் பிரசவத்துக்காக ஹெப்பாரினுக்கு மாறவேண்டும். அந்தத் தேதியைத் தங்கை சமையலறைக் காலண்டரில், எல்லோர் கண்ணிலும் படும்படி, சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.