வூயி மலையில் தேயிலைப் பருவம்

சீன தேசத்தின் தென்கிழக்கில், ஃபூஜியான் மாகாணத்தின் வட பகுதியில், ஒன்பது வளைவுகளாகத் திரும்பித் திரும்பி ஓடும் ஒரு சிற்றாற்றின் இரு மருங்கிலும் செந்நிறப் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. வூயி மலை என்று பெயர் பெற்ற இப்பிரதேசத்தை, அதன் வனவளத்துக்காகவும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே தங்கிச் சிஷ்யர்களுக்குப் போதித்த ஜூ ஷி என்ற தத்துவ ஞானியின் தொடர்புக்காகவும், 1999-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும், சித்திரை மாத நடுவில் இங்கே வந்து இறங்குகிறவர்களின் பேச்சில் ஞானியின் பெயரைவிட அதிகமாக அடிபடுவது தேயிலையின் பெயரே. பாறை இடுக்குகளில் விளைவதால் பாறைத் தேயிலை என்று வழங்கும் அந்தச் சரக்கு எவ்வாறு பக்குவம் பெறுகிறது என்பதை, அதைச் செய்கிறவர்களின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசைதான் என்னையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

சீனத் தேயிலைகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்து, 1979-இல் பேராசிரியர் சென் சுவான் ஒழுங்கு செய்த முறைதான் இன்றும் அந்நாட்டில் நடப்பில் உள்ளது. செடி எல்லாவற்றுக்கும் ஒன்றே. பறித்த பிறகு இலை படும் பாட்டில்தான் வேற்றுமை பிறக்கிறது. ஹாங்சோவின் லோங்ஜிங் பச்சைத் தேயிலையை இரும்புக் கொப்பரையில் உள்ளங்கையால் அழுத்தி வறுத்து, அதன் பசுமையை மாறாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஃபூதிங்கின் வெள்ளைத் தேயிலையை வறுப்பதும் இல்லை, உருட்டுவதும் இல்லை. வாட்டி உலர்த்துவதோடு வேலை முடிந்துவிடும். வூயி மலைத்தொடரிலேயே தோங்மூ என்ற கிராமத்தில், இலையை முழுவதும் சிவக்கவிட்டு, பைன் விறகின் புகையில் உலர்த்தி, ஐரோப்பியர் லாப்சாங் சூச்சோங் என்று அழைக்கும் தேயிலையைச் செய்கிறார்கள். புகை வாசனைக்கு அடியில் உலர்ந்த லொங்கன் பழத்தின் தித்திப்பு அதில் தெளிவாக இருக்கும். பாறைத் தேயிலையோ ஊலாங் வகுப்பைச் சேர்ந்தது. பசுமைக்கும் சிவப்புக்கும் நடுவழியில் இலையை நிறுத்த வேண்டும். அந்த இடம் எது என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேயிலை விளையும் இடங்களைத் தோட்டம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நியூலான் கெங், ஹுய்யுவான் கெங் என்று பிரசித்தி பெற்ற பள்ளத்தாக்குகள், இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சந்துகளே. கல்லை அடுக்கிக் கரை கட்டி, கைப்பிடி அளவு மண் தங்கும் இடமெல்லாம் பத்துச் செடி, இருபது செடி என்று வைத்திருக்கிறார்கள். வெயில் சில நாழிகைதான் உள்ளே விழுகிறது. பாறையிலிருந்து நீர் எந்நேரமும் கசிகிறது. சிதைந்த பாறை மண்ணில் விளைவதே முதல் தரம் என்று எட்டாம் நூற்றாண்டில் தேயிலையைப் பற்றி முதல் நூல் செய்த லூ யூ எழுதிவைத்தார். அந்த விதிப்படியே இன்றும் பாறைகளுக்குள் விளைந்ததற்கு ஒரு விலை, ஆற்றங்கரைச் சமவெளியில் விளைந்ததற்கு வேறு விலை.

கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர் அண்டை மாகாணமாகிய ஜியாங்ஷியிலிருந்து பருவத்துக்கு மட்டும் கூலிக்கு வருகிறவர்கள். பச்சைத் தேயிலைக்குப் போல மொட்டைக் கிள்ளுவது இங்கே வழக்கமில்லை. மொட்டு விரிந்து இலையாகி, தண்டு சற்று முதிர்ந்த பின், மூன்று நான்கு இலைகளோடு சேர்த்துப் பறிக்கிறார்கள். பாறைத் தேயிலையின் பரிமளத்துக்கு வேண்டிய சத்து, முதிர்ந்த இலையிலும் தண்டிலும்தான் இருக்கிறது. பறித்ததைச் சுமக்க வண்டி எதுவும் அந்தச் சந்துகளில் நுழைய முடியாது. ஆண்கள் காவடித் தண்டின் இரு முனையிலும் கூடைகளை மாட்டிக்கொண்டு, பாசி படிந்த கற்படிகளில் ஓட்டமும் நடையுமாக ஏறுகிறார்கள். கூடையில் இலை சூடேறிவிட்டால் ஆலையில் யார் என்ன செய்தும் பயனில்லை என்பதால், அவர்கள் நின்று மூச்சு வாங்குவதற்குக்கூட யோசிக்கிறார்கள்.

ஜியுலோங்கெ என்ற பாறையின் இடுப்பில் ஆறு மூலச் செடிகள் நிற்கின்றன. தா ஹோங் பாவ், அதாவது பெரிய செம்மேலங்கி, என்ற பெயர் உலகெங்கும் பரவியது இவற்றால்தான். நோய் தீர்ந்த நன்றிக்கு ஒரு பெரிய மனிதர் தம் செந்நிற அங்கியைச் செடியின் மேல் போர்த்தினார் என்று கதை. 1998-இல் இச்செடிகளின் தேயிலை 20 கிராம் 1,56,800 யுவானுக்கு ஏலம் போயிற்று. 2006 முதல் இவற்றில் பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாகச் செய்ததில் 20 கிராம், 2007-இல் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக நின்று அந்த ஆறு செடிகளையும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால், வழிவிடச் சொல்லிக் கூவிக்கொண்டே ஒரு காவடிக்காரர் கடந்து சென்றார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. செடிக்குச் செய்யும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்கையாவது அந்தத் தோளுக்குச் செய்யக்கூடாதா என்று எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது.

நான் தங்கியிருந்த ஆலையின் தலைவர் ஐம்பது வயதைக் கடந்தவர். தகப்பனாரிடமும் பாட்டனாரிடமும் தொழில் கற்றவர். கைத்தொழில் ஆசான்களை அழைக்கும் முறைப்படி எல்லாரும் அவரை ஷிஃபு என்றே கூப்பிட்டார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்களுக்குள் பேச்சை மொழிபெயர்த்தவள் அவ்வூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி. இலை வந்து இறங்கியதும் மூங்கில் தட்டுகளில் பரப்பி மாலை வெயிலில் வாட்டினார்கள். இலையின் பளபளப்பு மங்கி, தண்டோடு தூக்கிப் பிடித்தால் நுனி இலை தலைசாயும் பதம் வந்ததும், உள்ளே கொண்டுபோய் ஆறவைத்தார்கள். "வானத்தைப் பார்த்துச் செய், இலையைப் பார்த்துச் செய் என்பார் என் தகப்பனார், இன்றைக்கு வடகாற்று வீசுகிறது, நல்ல நாள்" என்றார் ஷிஃபு. வடகாற்று வறண்டது, ஈரக்காற்று வீசும் நாளில் இலையிலிருந்து நீர் இறங்காமல் மணமும் அடைபட்டுப் போகும் என்று பிறகு விளக்கினார்.

இரவு தொடங்கிய வேலையைத்தான் இத்தொழிலின் உயிர்நிலை என்று சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டில் இலையைப் போட்டு, இரு கைகளாலும் விளிம்பைப் பற்றி, நம் வீட்டுப் பெண்கள் அரிசி கொழிப்பதைப்போல் சுழற்றிக் குலுக்குகிறார்கள். இலைகள் ஒன்றோடொன்று உரசி விளிம்பில் மட்டும் காயப்படுகின்றன; காயம்பட்ட இடத்தில் காற்றுப் பட்டு இலை சிவக்கத் தொடங்குகிறது. சில சுற்றுகளோடு நிறுத்தி, தட்டை அடுக்கில் ஏற்றி, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஓய்வில் தண்டில் எஞ்சிய நீர் நரம்பு வழியே இலைக்கு ஏறி, வாடிக் கிடந்த இலை மீண்டும் நிமிர்கிறது. நிமிர்ந்தபின் மெல்ல நீர் ஆவியாகி மறுபடி தளர்கிறது. தளர்ந்ததும் மறுபடி குலுக்கல், முன்னைவிடச் சற்றுப் பலமாக. விடியும் வரை இப்படியே. முதலிலேயே அவசரப்பட்டு முரட்டுத்தனமாகக் குலுக்கினால் நரம்பு நசுங்கி, நீர் ஏறும் வழி அடைபட்டு, தேநீரில் தீராத கசப்பு நின்றுவிடும். குலுக்கத் தயங்கினாலோ பச்சை வாடை போகாது.

நடுநிசிக்கு மேல் ஷிஃபு ஓர் இலையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து என்னிடம் காட்டினார். நடுநரம்பு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத் தெரிந்தது, சுற்றிலும் பசுமை, விளிம்பில் மட்டும் செந்தூர வர்ணத்தில் ஒரு கோடு, இலையின் ஓரங்கள் உள்முகமாக வளைந்து கரண்டியின் குழிவு கொண்டிருந்தன. தட்டில் முகத்தைப் புதைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். அந்தியில் வெறும் புல் வாடையாக இருந்தது, இப்போது ஏதோ வெண்மலரின் மணமாக எழுந்தது. வைகறையில் அதற்குள் பழத்தின் கனிந்த வாசனையும் கலந்துவிட்டது. அந்தக் கணத்தைத் தவறவிடாமல் கொதிக்கும் கொப்பரையில் இலையைக் கொட்டி, சிவப்பு மேலே ஏறாமல் நிறுத்தி, சூட்டோடு உருட்டி, அடுப்பேற்றி உலர்த்த வேண்டும். ஆலையில் பெரும்பாலான இலை சுழலும் உருளை யந்திரங்களில்தான் பக்குவமாகிறது. தட்டில் கையால் செய்வது சிறந்த இலைக்கு மட்டும். ஆனால் யந்திரத்தை எப்போது சுழற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதை அங்கேயும் மூக்குதான் சொல்கிறது. ஆகையால் உருளைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அமர்ந்து, கண்ணயராமல் ஒருவர் பருவம் முழுவதையும் கழிக்கிறார். 2006-இல் சீன அரசாங்கம் தேசிய மரபுக் கலைகளின் முதற் பட்டியலில் இத்தொழிலைச் சேர்த்தது. 2022-இல் சீனத் தேயிலைத் தொழில் முறைகள் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றன. என் அபிப்பிராயத்தில், அக்கௌரவம் முதலில் சேர வேண்டியது இந்த இரவுக் காவலுக்கே. வாங்குகிறவர்கள் எந்தப் பள்ளத்தாக்கின் இலை என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். எவர் குலுக்கினார் என்று கேட்பவர் அபூர்வம்.

கோடையின் நடுவில் மறுபடி அங்கே சென்றபோது, கரி அடுப்பின் வேலை நடந்துகொண்டிருந்தது. தரையில் வரிசையாக வட்டக் குழிகள். ஒவ்வொன்றிலும் கட்டை மரக்கரியை நெருக்கி அடுக்கி மூட்டி, ஜ்வாலை அடங்கியபின் மெல்லிய சாம்பலால் மூடியிருந்தார்கள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சில் சொல்வதன் மேல் மூங்கில் கூடைகளை வைத்து, மணிக்கணக்காக இலையை வாட்டுகிறார்கள். சூட்டுமானி அவ்வறையில் இல்லை. ஷிஃபு புறங்கையைக் கூடையின் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சாம்பலைக் கொஞ்சம் விலக்குவார் அல்லது சேர்ப்பார். இலையைப் புரட்டும்போது கூடையைக் குழியிலிருந்து அப்பால் தூக்கிச் சென்றே புரட்டுகிறார்கள். ஒரு துளி தூள் நெருப்பில் விழுந்து புகைந்தாலும் கூடை முழுவதும் கெட்டுவிடும். ஒருமுறை வாட்டி, வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்து, மறுபடியும் வாட்டுவது முறை. நெருப்பின் காரம் தணிய இன்னும் சில மாதங்கள் வேண்டியிருப்பதால், அவ்வாண்டுச் சரக்கை எனக்குக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. முந்திய ஆண்டுத் தேயிலையையே எடுத்து வந்தார்.

மூடியுள்ள சிறு பீங்கான் கிண்ணத்தில் 8 கிராம் இலையைப் போட்டு, கொதிநீரை ஊற்றிச் சில விநாடிகளில் வடித்தார். முதலில் ரௌகுய் என்ற வகை: இலவங்கப்பட்டையின் காரமான வாசனை மூக்கைத் தாக்க, நாக்கில் ஒரு கூர்மை நின்று, விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் தித்திப்பாக மாறியது. அடுத்தது முதிய மரங்களின் ஷுய்ஷியான்: ஆரவாரமே இல்லை, ஈரமான மரப்பட்டையும் பாசியும் கலந்த காட்டு மணம், கஞ்சித் தெளிவின் வழவழப்பு, ஏழாவது தடவை ஊற்றியும் மாறாத நிதானம். வெளிர்மஞ்சள் இலை கொண்ட பாய்ஜிகுவானில் பச்சைச் சோளத்தின் இனிமை இருந்தது. கடையில் தா ஹோங் பாவ் என்று விற்பதில் பெரும்பகுதி இத்தகைய பல வகைகளை அளவறிந்து கலந்ததே; அந்தக் கலப்பும் ஒரு தனிக் கலை. இவை அனைத்துக்கும் அடியில், வாய்க்குள் சற்று நேரம் இறுகி நிற்கும் ஒரு தன்மையைப் பாறையின் எலும்பு என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஷுய்ஷியான்.

பக்கத்துக் கூடத்தில் பெண்கள் நீண்ட மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து, உலர்ந்த இலையிலிருந்து தண்டையும் பழுத்த மஞ்சள் இலைகளையும் விரலால் பொறுக்கி நீக்கிக்கொண்டிருந்தார்கள். நிறம் பார்த்துப் பிரிக்கும் யந்திரம் மூலையில் இருந்தாலும், உயர்ந்த சரக்கை அதனிடம் ஒப்படைப்பதில்லையாம். மேஜைக்கடியில் பெரிய கூஜா ஒன்றில் அவர்கள் குடிக்கும் தேநீர் இருந்தது. கழித்த மஞ்சள் இலையில் போட்டது. கேட்டு வாங்கிக் குடித்தேன். இலகுவாக, மெல்லிய இனிப்போடு, மத்தியானப் புழுக்கத்துக்கு இதமாக இருந்தது. "மலைக்காரர் வீடுகளில் இதைத்தான் குடிப்போம், நல்லதை விற்க வேண்டுமே" என்றார் மூத்தவர். எங்கள் நீலகிரியிலும் தேயிலை உண்டு, ஆனால் அங்கே யந்திரங்களில் இலையைச் சிறு குருணையாக நறுக்கிவிடுகிறார்கள், பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிறோம் என்று சொன்னேன். மாணவி அதை மொழிபெயர்த்ததும் மேஜை முழுவதும் சிரிப்பு எழுந்தது. பிறகு, அங்கே கொழுந்து பறிப்பது யார் என்று அந்த அம்மாள் கேட்டார். பெரும்பாலும் பெண்கள்தாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, கிலோவுக்கு என்ன கூலி என்ற அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டுக் கையிலிருந்த இலையைப் பொறுக்கத் தொடங்கினார்.