மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள்

பொழுது விடிவதற்கு முன்பே ரயில் எங்களைப் புதுக்கோட்டையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. எங்களை என்றால், என்னையும், என் மகளையும், அவளுடைய சைக்கிளையும். எங்கள் இருவருக்கும் இரவெல்லாம் தூக்கம் இல்லை. மூன்றாவது பேர்வழி மட்டும் பார்சல் வண்டியில் சாக்குத் துணியைப் போர்த்திக்கொண்டு வெகு சௌகரியமாக வந்து சேர்ந்தது.

அந்தச் சைக்கிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பிரயாணமே அதனால் வந்த வினைதான். என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து ஒரு 'மலைச் சைக்கிள்' வாங்கினாள். டயர் முதலைத் தோல் மாதிரி இருக்கும். முன்னால் 2 பற்சக்கரம், பின்னால் 8. முன் போர்க்கில் ஸ்பிரிங். மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல டிஸ்க் பிரேக். இத்தனை இருந்தும் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. பாவம், ஒரு பெல்கூட இல்லை! இதை எடுத்துக்கொண்டு சிநேகிதிகளோடு கொல்லிமலைக்குப் போகப் போகிறாளாம். கொல்லிமலைக்கு ஏறுகிற சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. அதாவது தார் ரோடு. இவர்கள் உத்தேசம், மேலே போய்க் காட்டுத் தடத்தில் இறங்குவது.

ஒத்திகை என்று சொல்லிக்கொண்டு சென்னைக்கு வெளியே ஒரு சரளை மேட்டில் இறங்கினாள். விழுந்தாள். முழங்கையில் தோல் போயிற்று. மணிக்கட்டு பத்து நாள் வீங்கியிருந்தது. "கொல்லிமலையும் வேண்டாம், ஒரு மலையும் வேண்டாம்" என்று நான் சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் பெண் இருப்பவர்களுக்குத் தெரியும், சண்டையைக்கூடத் தாங்கலாம். இதைத் தாங்க முடியாது.

அதனால்தான் அக்காவின் ஞாபகம் வந்தது. அக்கா என் பெரியம்மா மகள். வாழ்க்கைப்பட்டது ஆலங்குடி வட்டத்தில் உள்ள வல்லத்திராக்கோட்டையில். வயது 62. அவள் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் குடும்பத்தில் மறு வார்த்தை கிடையாது. 'அக்காவைக் கொண்டு நாலு அதட்டு அதட்டச் சொன்னால் சரியாகிவிடும்' என்று கணக்குப் போட்டேன். "சைக்கிளையும் எடுத்து வா, பெரியம்மாவுக்குக் காட்டலாம்" என்று தேன் தடவிச் சொன்னதும் நான்தான்.

பாரம் ஏற்றும் ஆட்டோ ஒன்றில் மூவரும் ஏறிக்கொண்டோம். டவுனைத் தாண்டியதும் செம்மண் ஆரம்பித்துவிடுகிறது. இரு பக்கமும் வரிசை பிடித்து நிற்கும் தைலமரங்கள். நடு நடுவே கிளையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முழங்கால் வலிக்காரப் பாட்டி உட்கார்ந்திருப்பது போல் முந்திரி மரங்கள். மலை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எதிர்த் திசையில் நார்த்தாமலைப் பக்கம்தான் போக வேண்டும். "மலையே இல்லாத ஊருக்கு மலைச் சைக்கிளா?" என்று டிரைவர் சிரித்தார்.

அவருக்குச் சிரிப்பு. ஆனால் காட்டுக்குள் போகிற வண்டித் தடத்தைப் பார்த்ததும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உருண்டை உருண்டையாகச் செம்மண் சரளை. சக்கரத்துக்கு அடியில் அது வறுத்த கடலை மாதிரி உருளும். மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளங்கள் குறுக்கும் நெடுக்கும். கண்மாய்க் கரையில் ஏறினால் செங்குத்து. மறு பக்கம் இறங்கினால் ஓடை மணல். இத்தனைக்கும் மேலே சீமைக் கருவேல முள். மலை இல்லாவிட்டால் என்ன, மலைப் பாதைக்கு உண்டான கஷ்டம் எல்லாம் அங்கே இருந்தது!

அக்கா வாசலுக்கு வந்தாள். எங்களை "வாங்க" என்றாள். சைக்கிளைத்தான் பார்த்தாள். சந்தையில் மாடு பிடிக்கிறவரைப் போல அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரை அமுக்கினாள். பிரேக்கைப் பிடித்தாள்.

"ஏத்தா, இது யாருக்கு வாங்குனது?"

"எனக்குத்தான் பெரியம்மா."

"ஒனக்கா? ஒங்கப்பாவுக்கு அளவு எடுத்த மாதிரியில்ல இருக்கு! ஏறாம, காலை ரெண்டு பக்கமும் போட்டு நில்லு, பாப்போம்."

நின்றாள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இடைவெளி இருந்தது. கரடுமுரடான தடத்துக்கு இரண்டு அங்குலமாவது வேண்டும். திடீரென்று காலை ஊன்றும்போது பார் இடிக்கக் கூடாது. ஹேண்டில் பாரை எட்டிப் பிடிக்க அவள் முதுகை நீட்டிப் படுக்க வேண்டியிருந்தது. பிரேக் கம்பியோ விரல் நுனிக்குத்தான் எட்டியது. "நீ விழாம என்ன செய்வே?" என்றாள் அக்கா. கடைக்காரர் தம்மிடம் அன்றைக்கு இருந்த அளவை விற்றிருக்கிறார். இவள் நிறத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறாள். புடவைக் கடையில் நாம் எல்லோரும் செய்கிற தப்புதான். ஆனால் புடவை கீழே தள்ளாது.

நான் எதிர்பார்த்தது இந்தப் பேச்சை அல்ல. "அக்கா, நீ இவளைப் போகாதே என்று சொல்லுவாய் என்று..." என்று இழுத்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் எனக்கு 1992 ஞாபகம் வந்தது.

வாசகிகளில் சிலருக்கு நினைவிருக்கும். 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போகிற பெண்கள் ஊருக்கு ஊர் போக வேண்டாமா? பஸ்ஸை நம்பினால் பாடம் நடக்காது. ஆகவே எழுத்தோடு சைக்கிளும் பாடமாயிற்று. சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கிடைக்க ஏற்பாடு நடந்தது. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் போனார்கள். கொஞ்ச காலத்துக்குள் இந்த ஜில்லாவில் சைக்கிள் பழகிய பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பவும் பிடித்தது. பெண்களில் சிலர் லேடீஸ் சைக்கிளை விட்டுவிட்டு, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம். காரணம்? அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

அந்த லட்சத்தில் என் அக்கா ஒருத்தி. முதலில் வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல். பிறகு பார் மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டம். அப்புறம் சொந்தமாக ஒரு பழைய சைக்கிள். கனம் 20 கிலோவுக்குக் குறையாது. அத்தான் பதினைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினாறாம் நாள், "சைக்கிள்லதானே போறே, அப்படியே மில்லுல மாவு அரைச்சுக்கிட்டு வந்துடு" என்றாராம். அன்றைக்கு விழுந்த வேலை இன்னும் அக்கா தலையில்தான் இருக்கிறது.

அந்த வருஷம் லீவுக்கு நான் வந்திருந்தபோது, "வாடி, கேரியரைப் பிடிச்சுக்கிறேன், ஏறு" என்று என்னையும் கூப்பிட்டாள். நான் காலேஜுப் பெண். பாவாடை அழுக்காகிவிடும் என்று மாட்டேன் என்றுவிட்டேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என் மகளிடம் ஒரு சமாசாரம் சொன்னாள். எனக்கே அதுவரை தெரியாது. மூத்த பையனுக்கு நாலு வயது. அத்தான் ஊரில் இல்லாத ஒரு ராத்திரி ஜுரத்தில் பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது. அவனைப் பாரில் துண்டு போட்டுத் தன் வயிற்றோடு கட்டிக்கொண்டு, தைலமரக் காட்டுத் தடத்தில் மெயின் ரோட்டுக்குச் சைக்கிளை விட்டாள். ஓடை மணலில் முன் சக்கரம் புதைந்துவிட்டது.

"விழுந்தீங்களா பெரியம்மா?"

"விழுந்தேன். பிள்ளை மேலே படாம, முழங்கைய ஊனி விழுந்தேன். எந்திரிச்சுத் திரும்பவும் ஏறினேன். ரோட்டுல ஒரு லாரிக்காரர் ஏத்திக்கிட்டார்." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். என் மகளுக்குப் புண் ஆறியிருந்த அதே இடத்தில் ஒரு பழைய தழும்பு.

மறு நாள் காலை வைத்தியம் ஆரம்பமாயிற்று. நோயாளி சைக்கிள்.

முதலில் சீட்டு. உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சம தரைக்கும் ஏற்றத்துக்கும் அதுதான் அளவு. ஆனால் பள்ளத்தில் இறங்குவதற்கு முன்னால் சீட்டை மூன்று நாலு விரற்கடை இறக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அது பின்னாலிருந்து ஆளை முன்பக்கம் தள்ளும். பிரேக் கம்பியின் அடியில் கடுகு அளவு திருகாணி ஒன்று இருந்தது. அதைத் திருகத் திருக, கம்பி விரலுக்குப் பக்கத்தில் வந்தது. இத்தனை நாள் அப்படி ஒன்று இருப்பதே இவளுக்குத் தெரியாது! முன் ஸ்பிரிங்கையும் சோதித்தோம். ஆள் ஏறி உட்கார்ந்தால் அது தன் ஓட்டத்தில் நாலில் ஒரு பங்காவது அமுங்க வேண்டுமாம். 100 மில்லிமீட்டர் ஓட்டம் உள்ள ஸ்பிரிங், 48 கிலோ எடையுள்ள என் மகளுக்கு அசையவே இல்லை. கனத்த ஆண்பிள்ளைக்கு என்று வைத்த ஸ்பிரிங். குமிழைக் குறைச்சல் பக்கம் முழுக்கத் திருப்பியதில் கொஞ்சம் இளகியது, ரொம்ப இல்லை.

டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்து வைத்திருந்தாள். அதைப் பின்னால் 32 பவுண்டுக்கும், முன்னால் 28-க்கும் இறக்கினார்கள். கொஞ்சம் தளர்ந்த டயர்தான் சரளையைக் கவ்விப் பிடிக்கும். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிட்டால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கு நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டை விழும்.

ஹேண்டில் பாரைத் தாங்கும் கழுத்துத் துண்டு நீளம். அதற்குப் பதில் 60 மில்லிமீட்டரில் குட்டையாக ஒன்றை அன்று மாலை புதுக்கோட்டைக் கடை ஒன்றில் மாட்டி வந்தோம். என் பர்ஸிலிருந்துதான் பணம் போயிற்று என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். பாருக்குத்தான் பரிகாரம் இல்லை. அது சைக்கிளின் எலும்பு. அடுத்த தடவையாவது நின்று பார்த்து வாங்க வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் அக்காதான் ஜெயித்தாள் என்று நினைக்க வேண்டாம். "முன் பிரேக்கைத் தொடவே தொடாதே, குப்புறத் தள்ளிடும்" என்றாள். என் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். நிறுத்துகிற பலம் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஒரே விரலால் மெல்ல மெல்ல அமுக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். கியரையும் ஏற்றம் வருவதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டுமாம். நடு ஏற்றத்தில் முக்கிக்கொண்டு மாற்றினால் செயின் கழன்றுவிடும். அக்கா அதில் ஏறிக் கண்மாய்க் கரை வரை போய் வந்தாள். "ஏத்தத்துல சும்மா பஞ்சு மாதிரி ஏறுதுடி!" என்று அவள் சிறு பெண் மாதிரி சிரித்தாள்.

ஓடையில் இறங்குவதற்கு மட்டும் அக்காவின் பாடம்தான். "சீட்டுல உக்காராதே. ரெண்டு பெடலையும் சமமா வச்சு எந்திரிச்சு நில்லு. இடுப்பைப் பின்னால தள்ளு. கைய விறைக்காதே. கல்லைப் பாக்காதே, போற வழியப் பாரு."

அதே பாடத்தைக் கடல் கடந்தும் சிலர் விழுந்து விழுந்துதான் கற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவில் டமல்பயஸ் என்று சுமார் 2,500 அடி உயர மலை. பெயரைக் கேட்டாலே யாரோ விழுந்த சத்தம் மாதிரி இருக்கிறதல்லவா? 1970-களில் அங்கே சில இளைஞர்கள் பழைய, கனத்த, தடி டயர்ச் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைத் தடத்தில் உருட்டிவிட்டார்கள். 1976-ல் பந்தயமே வைத்தார்கள். இரண்டே மைலில் சுமார் 1,300 அடி இறக்கம். கீழே வருவதற்குள் பின் சக்கரத்துப் பிரேக்கில் உள்ள கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டும். அடுத்த வருஷமே ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனியாக ஒரு சைக்கிள் செய்தார். மலைச் சைக்கிளின் வம்சம் அப்படித்தான் ஆரம்பம். அந்தக் கூட்டத்தில் வெண்டி கிராக் என்று ஒரு பெண்ணும் இருந்தாள். கனத்த சைக்கிளில் கூடவே ஓட்டியதோடு, அந்த நாட்களைப் போட்டோ எடுத்து வைத்தவளும் அவள்தான். அக்காவிடம் சொன்னேன். "அவளுக்கு மாவரைக்கிற வேலை இருந்திருக்காது" என்றாள்.

மூன்றாம் நாள் காலை என் மகள் ஓடைக்குள் இறங்கினாள். நான் கரையில் நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். சரளை சரசரக்கிற சத்தம், பிறகு மணலில் 'சர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தால் எதிர்க் கரையில் நிற்கிறாள்! "அம்மா, பார்த்தியா?" என்று கத்தினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

ஊருக்குக் கிளம்பும்போது பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "நான் ஓட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்" என்றாள். அக்கா திண்ணை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த தன் பழைய சைக்கிளிலிருந்து எதையோ கழற்றிக் கொண்டுவந்து அவளுடைய ஹேண்டில் பாரில் முடுக்கினாள்.

கொஞ்ச தூரத்தில் என் பஸ் அவளைத் தாண்டியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏண்டி, காற்றுச் சரியாக இருக்கிறதா? இறக்கத்தில் சீட்டை இறக்கிக்கொள்!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய பதில் காதில் விழவில்லை. அக்காவின் பெல் சத்தம் மட்டும் 'டிரிங் டிரிங்' என்று கேட்டது.