வெள்ளெழுத்தும் ஒப்புதல் படிவமும்

மருத்துவ வழக்கு என்று வருபவர்கள் பெரும்பாலும் கெட்டுப்போன சிகிச்சையைப் பற்றித்தான் சொல்வார்கள். இந்த வழக்கில் சிகிச்சை கெடவில்லை. லேசர் அறுவை சுத்தமாக நடந்திருந்தது. இரண்டு கண்ணிலும் தூரப்பார்வை 6/6. ஆனாலும் கட்சிக்காரருக்கு நஷ்டம் இருந்தது. அதை நுகர்வோர் ஆணையத்தின் முன் எப்படி நிரூபிப்பது என்பதுதான் சிக்கல்.

அவர் நெல்லைப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுபவர். அப்போது வயது 44. பள்ளிக்கூட நாளிலிருந்தே கிட்டப்பார்வை. பவர் மைனஸ் மூன்றரை. மழையில் வண்டி ஓட்டினால் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து பாதை தெரியாது. கண்ணாடியே இனி வேண்டாம் என்று சொன்ன விளம்பரம் ஒன்றைப் பார்த்து, 2023 தொடக்கத்தில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் லேசர் செய்துகொண்டார்.

"தூரத்துல வர்ற பஸ் போர்டு நல்லா தெரியுது சார். கையில வச்சிருக்க பட்டா தெரியமாட்டேங்கு" என்றார்.

"நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதானே அண்ணாச்சி?"

"எனக்கு வரலையே சார். ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணாடியக் கழத்திட்டா எறும்பெழுத்தும் வாசிப்பேன்."

வழக்கே அந்தப் பதிலில்தான் இருந்தது. வெள்ளெழுத்து வருவதற்குக் காரணம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ். வயதாக ஆக அது விறைத்து, கிட்டத்துப் பொருளுக்கு ஏற்ப வளையும் தன்மையை இழக்கிறது. லேசர் அந்த லென்ஸைத் தொடுவதில்லை. முன்னால் இருக்கும் கார்னியாவைத்தான் செதுக்குகிறது. மைனஸ் மூன்றரை உள்ளவருக்குக் கண்ணாடியைக் கழற்றினால் ஏறத்தாழ ஓரடி தூரத்தில் எழுத்து தானாகவே துலங்கும். அதனால் அவருக்கு நாற்பதுக்கு மேலும் வாசிப்பில் குறை தெரியவில்லை. லேசர் அந்த மைனஸை எடுத்தபோது வாசிக்கும் வசதியும் சேர்ந்தே போனது. மறைந்திருந்த வெள்ளெழுத்து வெளியே வந்தது.

மருத்துவரின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எங்களுக்கு அதைவிட உதவியது 2008-இல் வந்த சமீரா கோலி தீர்ப்பு. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், சிகிச்சை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லி வாங்குவதுதான் செல்லுபடியாகும் ஒப்புதல் என்கிறது அது. ஆகவே அறுவையில் கவனக்குறைவு என்று நாங்கள் கோரவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாதது சேவைக் குறைபாடு என்பதோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டு ஆண்டுக் காலவரையறை முடியும் முன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவானது.

எதிர்தரப்புப் பதிலுரையில் அவர்கள் பெரிதாக நம்பியது ஒப்புதல் படிவத்தை. ஆங்கிலத்தில் அடித்த பல பக்கங்கள். நடுவே, 'சில வேலைகளுக்குக் கண்ணாடி தேவைப்படலாம்' என்ற பொருளில் ஒரு வரி. பத்திரம் எழுதிப் பிழைப்பவர், நாலு பேரைக் கையெழுத்துப் போடவைப்பவர், தான் போட்ட கையெழுத்தை மட்டும் படிக்காமல் போட்டேன் என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தார்கள். நல்ல வாதம். ஆணையத் தலைவரே தலையசைத்தார்.

நாங்கள் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கிப் பார்த்தோம். பரிசோதனைக்காகக் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட நேரத்தைச் செவிலியர் குறித்திருந்தார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தான நேரம் அதற்கு நாற்பது நிமிடம் பின்னால். அந்த மருந்து கிட்டத்தில் குவியவைக்கும் தசையையும் தளரச் செய்யும். அந்த நிலையில் ஒருவரிடம் நுண்ணெழுத்தை நீட்டியது சரியா?

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது அபூர்வம். கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பதிலைப் பிரமாண வாக்குமூலமாக வாங்குவோம். எங்கள் கேள்விக்கு அறுவை மருத்துவர் தந்த பதில் கெட்டிக்காரத்தனமானது. கிட்டப்பார்வை உள்ளவர் என்பதால், சொட்டு விட்ட பிறகும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரால் படிவத்தைப் படித்திருக்க முடியும் என்றார் அவர். மருத்துவப்படி அது சரியான பதிலும்கூட.

அந்தச் சரியான பதில் எங்களுக்கே பயன்பட்டது. கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் வாசிக்கும் திறன் அவருக்கு இருந்தது என்று எதிர்தரப்பே சத்தியம் செய்துவிட்டது. அறுவைக்கு முன் கண்ணாடியின்றி என்-6, அதாவது அட்டையின் சிறிய எழுத்து வரை படித்தார் என்று அவர்கள் கேஸ் ஷீட்டும் சொன்னது. அறுவைக்குப் பிறகு என்-12-ஐ அவர் தாண்டவில்லை. இந்தத் திறன் போய்விடும் என்று அவரிடம் சொன்னீர்களா? ஒரு கண்ணை மட்டும் கிட்டத்துக்காக லேசான மைனஸில் விட்டுவைக்கும் மாற்று வழியைச் சொன்னீர்களா? இரண்டுக்கும் கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் இன்னொரு சொட்டு மருந்து வழக்குக்குள் வந்தது. 2024 செப்டம்பர் தொடக்கத்தில், வாசிப்புக் கண்ணாடிக்குப் பதிலாகச் சொட்டு மருந்து வருகிறது என்று எல்லா நாளிதழ்களிலும் செய்தி. மும்பை நிறுவனம் ஒன்றின் 'பிரஸ்வியூ'. உள்ளிருக்கும் மருந்து பைலோகார்பின் 1.25 சதவீதம். எதிர்தரப்பு அந்தச் செய்தித்தாள் நறுக்குகளைக் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்தது. நஷ்டம் என்று வைத்துக்கொண்டாலும் அது தற்காலிகம்தான், இனி ஒரு சொட்டில் தீர்ந்துவிடும், இழப்பீட்டுக்கு இடமில்லை என்பது வாதம்.

அடுத்த வாய்தாவுக்குள் நிலைமை மாறியது. செப்டம்பர் 10 அன்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அந்த அனுமதியை நிறுத்திவைத்தார். மருந்து கெட்டது என்பதல்ல காரணம். அனுமதி பெறாத வாசகங்களைச் சொல்லி அது பரப்பப்பட்டது என்பதே. அந்த நிறுவனம் இதை மறுத்து நீதிமன்றம் போவதாக அறிவித்தது. உத்தரவின் நகலை நாங்கள் தாக்கல் செய்தோம்.

அந்த உத்தரவை மட்டும் நம்பி வாதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. நிறுத்திவைத்ததை நாளைக்கே விலக்கிக்கொள்ளலாம். மருந்து என்ன செய்கிறது என்பதையே எடுத்துவைத்தேன். பைலோகார்பின் புதிது அல்ல. கண்நீர் அழுத்த நோய்க்கு நூறாண்டுக்கு மேலாகப் பயன்பட்ட மருந்து. அது கண்பாப்பாவைச் சுருக்குகிறது. சிறு துளை வழியே பார்த்தால் எழுத்து துலங்குவதற்குக் காரணம் எதுவோ, அதுவே இதற்கும். லென்ஸ் இளமைக்குத் திரும்புவதில்லை. இதே 1.25 சதவீத பைலோகார்பினை 'வியூட்டி' என்ற பெயரில் அமெரிக்க அரசு 2021 அக்டோபரில் அனுமதித்தது. அதற்கான இரண்டு ஆய்வுகளில், வாசிப்பு அட்டையில் மூன்று வரியோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் ஒன்றில் 31 சதவீதம், மற்றதில் 26 சதவீதம். மருந்தில்லாத சொட்டு விட்டவர்களில் அது 8, 11 சதவீதம். பலன் நீடித்தது சில மணி நேரம்.

அதோடு எச்சரிக்கைகளும் உண்டு: தலைவலி, மங்கிய வெளிச்சத்தில் பார்வைக் குறைவு, இரவில் வண்டி ஓட்டுவதில் கவனம், அரிதாக விழித்திரை விலகல். கடைசியாகச் சொன்னதுதான் என் கட்சிக்காரருக்கு முக்கியம். லேசர் கண்ணாடியை எடுத்துவிட்டாலும் கிட்டப்பார்வைக் கண்ணின் நீண்ட வடிவம் மாறுவதில்லை. விழித்திரைக்கான ஆபத்தும் அப்படியே இருக்கும். அவரைப் போன்றவருக்கு இந்தச் சொட்டை எழுதும் முன் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். மழை இரவில் வண்டி ஓட்டச் சிரமப்பட்டுத்தான் அவர் லேசருக்கே போனார். அவருக்கு இரவுப் பார்வையை மங்கச் செய்யக்கூடிய சொட்டைப் பரிகாரமாகக் காட்டுவது பொருந்துமா என்று கேட்டு வாதத்தை முடித்தேன்.

தீர்ப்பு பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. அறுவையில் குறை இல்லை, ஆகவே கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றது ஆணையம். ஒப்புதல் படிவத்தின் பொதுவான வரி போதாது. நாற்பதைக் கடந்த, கண்ணாடி கழற்றிப் படித்துவந்த ஒருவரிடம் அந்த வசதி போய்விடும் என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது சேவைக் குறைபாடு. பின்னால் ஒரு மருந்து வந்தாலும் வராவிட்டாலும், ஒப்புதல் வாங்கிய நாளில் செய்யத் தவறிய கடமை அதனால் நிறைவேறியதாகாது. ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு, பத்தாயிரம் செலவுத் தொகை. மருத்துவமனை மேல்முறையீடு செய்யாமல் பணத்தைக் கட்டிவிட்டது.

இதற்குப் பிறகு, 2025 ஜூலையில், அசெக்ளிடின் என்ற இன்னொரு மருந்தின் சொட்டையும் அமெரிக்கா அனுமதித்தது. பலன் பத்து மணி நேரம் வரை என்கிறார்கள். இன்னும் வரும். தகுந்த கண்ணுக்கு, சோதித்துப் பார்த்து மருத்துவர் எழுதினால் பயன்படலாம். அவை எதுவும் லேசருக்கு முந்தைய கண்ணைத் திருப்பித் தருவதில்லை.

நாற்பதைத் தொட்டவர்கள் லேசருக்குப் போகும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். தூரப்பார்வையை முழுதாகச் சரிசெய்யும் கான்டாக்ட் லென்ஸைப் போட்டுக்கொண்டு, நீங்கள் அன்றாடம் படிக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். அறுவைக்குப் பின் உங்கள் வாசிப்பு ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில், முதல் நாளே கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். வாசிப்புக் கண்ணாடி பற்றி மருத்துவர் வாயால் சொன்னதை அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.