பின்வாசலில் ஒரு வாளி

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. விருந்தினர் முன்வாசல் வழியாக வருவார்கள். அப்பா பின்வாசல் வழியாக வருவார். அங்கே துவைக்கும் கல்லின் அருகே ஒரு வாளி வெந்நீரும் ஒரு சிவப்புச் சோப்பும் எப்போதும் காத்திருக்கும். முழங்கைக்கு மேல்வரை தேய்த்துக் கழுவி, குளித்து, வேறு உடை உடுத்திய பிறகே அவர் வீட்டிற்குள் அடியெடுத்து வைக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் அவரைத் தொடக் கூடாது. அது அம்மா இட்ட சட்டம். அரசுப் பதிவேட்டில் அப்பா கால்நடை உதவி மருத்துவர். ஊர் வழக்கில் மாட்டு டாக்டர்.

1903-இல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1961-இல் பட்டம் பெற்றவர் அவர். நான் நினைவு தெளிந்து பார்த்தபோது, போளூரை அடுத்த ஒரு சிற்றூரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மேற்கே ஜவ்வாது மலை. சுற்றிலும் மானாவாரி மல்லாட்டைக் கொல்லைகள். ஓடு வேய்ந்த இரண்டு அறைகளும், முன்னால் மாட்டை நிறுத்திக் கட்டும் மரச்சட்டமுமே மாட்டாஸ்பத்திரி. நடக்கக்கூடிய மாடுகள் அங்கே வரும்; நடக்க இயலாதவற்றைத் தேடி அப்பாவின் மிதிவண்டி செல்லும்.

மனிதரைப் பார்க்கும் மருத்துவரிடம் நோயாளி தன் வலியைச் சொல்லிவிடுவான். வாயில்லாச் சீவனிடம் யார் கேட்பது? அப்பா மாட்டின் காதைத் தொட்டுப் பார்ப்பார். அசை போடுகிறதா என்று சற்று நேரம் நின்று கவனிப்பார். சாணத்தைக் கிளறிப் பார்ப்பார். பெரும்பாலும் நள்ளிரவில்தான் கதவு தட்டப்படும். கன்று வயிற்றுக்குள் தலை மடங்கிக் கிடக்கும். அரிக்கன் விளக்கின் வெளிச்சத்தில், ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணால் காணாத ஒரு கால் குளம்பை விரல்களால் தேடிக் கயிற்றுச் சுருக்கு மாட்ட வேண்டும். தாய்ப்பசு முக்கும்போதெல்லாம் எலும்புகளுக்கிடையே கை நசுங்கும். மறுநாள் காலையில் சோற்றைப் பிசைய முடியாமல் அவர் இடக்கையால் கரண்டி பிடித்து உண்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வியப்பான வேளைகளும் உண்டு. கன்று ஈன்ற மறுநாள், நல்ல கறவைப் பசு ஒன்று கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக் கிடக்கும். வீட்டார் அழத் தொடங்கியிருப்பார்கள். அது பால் காய்ச்சல். காய்ச்சல் என்று பெயரேயன்றி உடல் சில்லிட்டிருக்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததே காரணம். அப்பா கால்சியம் மருந்தை நரம்பில் மெல்ல ஏற்றுவார். சிறிது நேரத்தில் பசு உடல் சிலிர்த்து எழுந்து நிற்கும். காலில் விழ வருவோரைத் தடுத்து, “மருந்து செய்த வேலை, என்னைக் கும்பிடாதீர்கள்” என்பார்.

ஆனால் இந்தப் பெருமையெல்லாம் பின்னாளில் வந்தது. சிறுமியாய் இருந்தபோது எனக்கு வெட்கமே மிகுதி. பள்ளியில் “மாட்டு டாக்டர் பொண்ணு” என்று அழைத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு மற்றக் குடும்பங்கள் தந்தையோடு வர, நாங்கள் மூன்று பிள்ளைகளும் அம்மாவோடு மட்டும் நிற்போம். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலனைப் பார்க்க நாங்கள் கோயிலுக்குப் போன வேளையில், அப்பா ஏதோ ஒரு மாட்டுத் தொழுவத்தில் இருப்பார். இதில் உள்ள பொருத்தத்தை உணர எனக்கு அப்போது வயது போதவில்லை, கோபம்தான் வந்தது.

1974 கோடையில் ஒரு நாள், ஐந்து மைல் தொலைவிலிருந்து ஒரு கைம்பெண் தன் பேரனோடு வந்து நின்றார். “டாக்டரய்யா, மாடு எதையோ முழுங்கிடுச்சு. தொண்டையிலேயே நிக்குது. தண்ணிகூட இறங்கல” என்றார். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாய் வடிகிறது என்றும் சொன்னார். அப்பா போய், மாட்டின் வாயைத் திறந்து தொண்டைவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. கையுறை அன்று அவருக்குக் கிடைத்ததில்லை. கிணறு வற்றியிருந்ததால் ஒரு செம்புத் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு திரும்பினார். வழக்கம்போல் பின்வாசலில் வாளி காத்திருந்தது.

மறுநாள் சென்றபோது மாட்டின் குரல் மாறியிருந்தது. கரகரத்த குரலில் ஓயாமல் கத்திற்று, வெறுமனே முக்கிற்று. ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன் ஊருக்குள் வந்த தெருநாய் ஒன்று அதன் மூக்கருகே கடித்தது, அப்போதுதான் அந்த அம்மாளுக்கு நினைவு வந்தது. நான்காம் நாள் மாடு இறந்தது. வெறிநோய் என்பதில் அப்பாவுக்கு ஐயமில்லை. அவருடைய வலது ஆட்காட்டி விரலில் முள்கம்பி கிழித்த காயம் ஒன்று இருந்தது.

அன்று மாலை அவர் பின்வாசலில் நின்றபடியே அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அம்மா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்டார். வெறிநோய் கண்டபின் பிழைத்தவர் அனேகமாக இல்லை. கண்கூடாகத் தோன்றும் முன்பே ஊசி போட்டுத் தடுக்க வேண்டும். அக்காலத்தில் அது குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களில், ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட மருந்து. தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஒன்றாகப் பதினான்கு ஊசிகள். அந்த மருந்தினாலேயே அபூர்வமாகச் சிலருக்குக் கைகால் விளங்காமல் போவதும் உண்டு. அப்பா அதை அறிவார். அவர் அறிந்ததை அம்மாவும் அறிந்திருந்தார்.

அந்த அம்மாளும் பேரனும் மாட்டின் வாயில் கைவிட்டிருந்தார்கள். பதினான்கு நாள்களும் அப்பாவே அவர்கள் இருவரையும் பேருந்தில் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றார். முதல் ஊசியைத் தாம் போட்டுக்கொண்டு, “பாருடா, நான் அழுதேனா?” என்று அந்தச் சிறுவனிடம் கேட்பாராம். வீட்டுக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அம்மா அந்நாள்களில் ஒருமுறையும் எங்கள் முன் அழவில்லை. ஆனால் அவர் செபமாலை மணிகளை உருட்டும் ஓசை நள்ளிரவுக்குப் பின்னும் கேட்டது. அப்பா தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அது தொண்டையில் இறங்குகிறதா என்று அம்மா உற்றுப் பார்ப்பதை நான் கண்டேன். காரணம் விளங்காமலே நானும் அவ்வாறு பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இறையருளால் மூவரும் நலமாயினர். ஆனால் அந்தக் கைம்பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு மாட்டின் பாலால்தான். ஊசி முடிந்த மறுநாள் அம்மா எங்கள் கொட்டிலுக்குப் போனார். நான் கழுவி, புல் ஊட்டி வளர்த்த செவலைக் கிடாரிக் கன்றின் கயிற்றை அவிழ்த்து, அந்தச் சிறுவனின் கையில் கொடுத்தார். அப்பா அதைக் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை. நான் மூன்று நாள் சாப்பிட மறுத்தேன். “உன் அப்பா திரும்பிக் கிடைத்தாரே, உனக்கு அது போதாதா?” என்று அம்மா கேட்டது ஒரே ஒரு முறைதான். எனக்கு அப்போது அது போதவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, மாற்றலாகி நாங்கள் வேறோர் ஊரில் இருந்தோம். விடியற்காலைப் பேருந்தில் அந்த அம்மாள் ஒரு தூக்கு நிறையச் சீம்பால் கொண்டு வந்தார். செவலை கன்று ஈன்றிருந்தது. அம்மா அதில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தார். அதுவரை அம்மாவை மனத்துக்குள் மன்னிக்காதிருந்த நான், அன்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டேன்.

அப்பாவின் பணிக்காலத்தில் பாதி, வெக்கை நோய்த் தடுப்பூசியிலேயே கழிந்தது. அந்நோய் நுழைந்த கொட்டிலில் அடுத்த உழவுக்கு ஏர் பூட்ட மாடு மிஞ்சாது என்பார்கள். 1954-இல் அதை ஒழிக்கும் தேசியத் திட்டம் தொடங்கிற்று. இராணிப்பேட்டையிலிருந்து வரும் மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவார் அப்பா. ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று அஞ்சி மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிவிடுவோரும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால், எங்கள் சொந்தப் பசுவை ஓட்டிவந்து முதல் ஊசியை அதற்குப் போட்டார். இந்தியாவில் அந்நோய் கடைசியாகத் தலைகாட்டியது 1995-இல், எங்கள் வட ஆற்காட்டுப் பகுதியில். உலகிலிருந்தே அது ஒழிந்துவிட்டதென்று 2011-இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான். ஓய்வு பெற்றிருந்த அப்பா செய்தித்தாளை அம்மாவிடம் நீட்டினார். அம்மா படித்துவிட்டு, “இனி அந்த நோய்க்காவது யாரும் ராத்திரியில் கதவைத் தட்ட மாட்டார்கள்” என்றார். அப்பா நெடுநேரம் சிரித்தார். அவருக்குக் கிடைத்த பாராட்டுரை அது ஒன்றே.

இன்று 1962 என்ற எண்ணை அழைத்தால் மாட்டைத் தேடி மருத்துவ ஊர்தி வருகிறது. வெறிநோய்க்கு வயிற்றில் போடும் ஊசியும் போய்விட்டது. தோளில் போடும் சில ஊசிகள் போதும். ஆனால் கடிபட்ட இடத்தையும் எச்சில் பட்ட இடத்தையும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுவதே முதல் சிகிச்சை என்று மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் 1974-ஆம் ஆண்டின் அந்த மாலைப்பொழுதும், முதல் நாளே அங்கே காத்திருந்த வெந்நீரும் என் நினைவுக்கு வருகின்றன. ஊசிதான் அப்பாவைக் காத்தது. ஆனால் ஊசிக்கு நான்கு நாள் முன்னரே அம்மாவின் சட்டம் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. ஊருக்குப் பணி செய்கிறவரை நாம் பாராட்டுகிறோம். அவருக்காக வீட்டில் வெந்நீர் வைத்துக் காத்திருப்பவரை யாரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை.

2016-இல் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், கல்லறைத் தோட்டத்தில் கடைசிவரை நின்றிருந்தார். நான் யாரென்று கேட்டபோது, சட்டையை விலக்காமலே தம் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். இருவரும் பேசவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கைகால் கழுவ வீட்டின் பின்பக்கம் வந்தோம். அங்கே ஒரு வாளியில் வெந்நீரும் பக்கத்தில் சோப்பும் இருந்தன. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.