பொருந்தாத எண்கள்

நமது சங்கத்தின் ஏட்டில் அன்பர்கள் எழுதிவருவனவற்றைத் திங்கள்தோறும் படித்து மகிழ்பவன் நான். எழுதிப் பழகியவன் அல்லன். பாலக்காட்டில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. பத்தாம் வகுப்புத் தேறிய சில ஆண்டுகளில், தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை நியமனத்தில் ரயில்வேயில் சேர்ந்தவன். கணிப்பொறியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று யாரேனும் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வதன்றி வேறு வழியில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டு பங்குனியில் எங்கள் வீட்டில் பதினொரு நாட்கள் நடந்த ஒரு தொல்லையில் என் பிழையும் கலந்திருந்தது. நம் பிள்ளைகள் பலர் இன்று இத்தொழிலை நாடிச் செல்கிறார்கள். ஆகவே எழுதத் துணிந்தேன்.

என் தமக்கையார் மூணாற்றுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் போனஸ் கேட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்த பெண்களுள் அவரும் ஒருவர். அவருடைய ஒரே மகன் லயத்து வீட்டில் வளர்ந்து, தமிழ் வழிப் பள்ளியில் படித்து, பொறியியல் கற்கப் பாலக்காட்டுக்கு வந்து எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கினான். கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணிப்பொறி கற்பிக்கிறார்களாதலால் உபுண்டு என்பது அவனுக்குச் சிறு வயதுப் பழக்கம்.

இறுதியாண்டில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வேலையைச் செய்து காட்டவேண்டும். அவன் எடுத்துக்கொண்டது தேயிலையின் கொப்புள நோய். மழைக்காலத்தில் இளங்கொழுந்தில் மங்கலான சிறு புள்ளியாகத் தோன்றி, பின்பு கொப்புளமாகி, இலையின் அடிப்புறம் வெண்மை பூக்கும் நோய் அது. பறிக்கவேண்டிய கொழுந்தையே பற்றுவதால் நட்டம் நேரடியானது. இலையின் படத்தைப் பார்த்துப் புள்ளி நிலையிலேயே கணிப்பொறி கண்டுபிடித்துச் சொல்லவேண்டும் என்பது பையனின் திட்டம். படம் பிடித்தவர் அவன் அன்னையே. முந்திய ஆண்டு மழையில், வேலை முடிந்த பிறகு, கைப்பேசியில் ஏறத்தாழ நானூறு இலைகளைப் பிடித்து அனுப்பியிருந்தார்.

இத்தகைய வேலைக்கு ஜி.பி.யு. என்னும் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். நம் கணிப்பொறியின் மூளை திறமை மிக்க சில குமாஸ்தாக்களைப் போன்றது என்றால், இக்கார்டு கூட்டலும் பெருக்கலும் மட்டும் செய்யத் தெரிந்த ஆயிரக்கணக்கான கடைநிலை ஊழியர்களைப் போன்றது. பையன் வாங்கிய ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற கார்டில் அப்படி 3584 பேர் இருக்கிறார்கள். விளையாட்டுப் படங்களுக்காகப் பிறந்த இந்தக் கருவியைப் பொதுக் கணக்குகளுக்கும் ஏவுவதற்காக, என்விடியா நிறுவனம் 2007இல் ‘கூடா’ என்ற மென்பொருள் தொகுதியை வெளியிட்டது. தமிழறிந்தவர் எவரும் இப்பெயரைச் சூட்டியிருக்கமாட்டார் என்பது என் துணிபு. கார்டு பழையது, கைமாறி வந்தது, விலை பதினேழாயிரம். போனஸில் ஒரு பகுதியும், சீட்டு எடுத்த பணமும் சேர்த்துத் தமக்கையார் அனுப்பினார்.

இனித் தொல்லையைச் சொல்கிறேன். பையனுடைய நிரலில் இரண்டு பகுதிகள். ஒன்று படங்களைச் சீர்செய்வது. மற்றது பைடார்ச் என்னும் மென்பொருளோடு இணைந்து நோயை அறிவது. முதற்பகுதி ஒழுங்காக உருவாயிற்று. இரண்டாம் பகுதி ஏதோ எண்கள் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. “வெர்ஷன் சரியில்லை மாமா” என்றான்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “பழைய கால அட்டவணையை வைத்துக்கொண்டு எவனாவது ரயில் விடுவானா? எல்லாவற்றையும் புதியதாகப் போடு!” என்றேன். வீட்டுக்குப் பெரியவன் சொல்லும்போது பிள்ளை என்ன செய்வான்? அவனிடம் இருந்த ஜி.சி.சி. என்ற கம்பைலர் 11ஆம் பதிப்பு. அதற்கு மேல் 12ஆம் பதிப்பை நிறுவி, அதையே வழக்கமான கம்பைலராக்கினான். கம்பைலர் என்பது மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் அறியும் கட்டளைகளாக மாற்றுவது, ஜி.சி.சி. 1987 முதல் இருந்துவருவது. புதிய கம்பைலர் வந்ததும், அதுவரை ஓடிய முதற்பகுதியும் நின்றுபோயிற்று!

அடுத்த இரவுகள் எப்படிக் கழிந்தன என்பதை விரிக்க விரும்பவில்லை. ஒத்துவராத கம்பைலரையும் அனுமதி என்று கட்டளையிட ஒரு வழி உண்டாம், அதைக் கொடுத்தான். வாயிற்காவலனை ஒதுக்கிவிட்டு உள்ளே சென்று கூடத்தில் விழுந்த கதையாக, இன்னும் ஆழத்தில் நூற்றுக்கணக்கான பிழை வரிகள் கொட்டின. பின்பு கார்டின் நிலையைக் காட்டும் ‘என்விடியா-எஸ்.எம்.ஐ.’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தான். அதில் கூடா 12.2 என்றிருந்தது. அவன் நிறுவியதோ 11.8. “நான் போடாத எண் இதில் எப்படி வந்தது? கார்டில் ஏதோ ஏமாற்று இருக்கிறது” என்ற ஐயம் அவனுக்குத் தோன்றியது, தோழர்களும் அதை வளர்த்தார்கள். வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று.

அந்த வாரம் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, பொட்டி ஓடுதா?” என்றார். பையன் அருகில் நின்று என் முகத்தைப் பார்த்தான். “நல்லா ஓடுது அக்கா” என்றேன். பொய் சொன்ன நாவு அன்றிரவு சோற்றின் சுவையை அறியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு கட்டணத் தகராறு. பயனர் கையிலிருந்த ரசீதில் ஒரு தொகை, எங்கள் கணக்கில் ஒரு தொகை. ரயில்வேயில் விதிப்புத்தகங்களுக்குத் திருத்தச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். எண் வரிசைப்படி அவற்றை ஒட்டவேண்டும். தகராறு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, “உம்முடைய புத்தகத்தில் எந்தச் சீட்டு வரையில் ஒட்டியிருக்கிறது?” என்பதுதான். யார் சொல்வது சரி என்பது பிறகு. அந்தக் கேள்வியை என் வாயால் கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் இத்தனை நாட்களாக இதை ஒருவரும் கேட்கவில்லையே!

அன்றிரவு பையனை அமரவைத்து, பிழை வரிகளை முதலிலிருந்து காட்டச் சொன்னேன். திரையின் அடியில் நின்ற கடைசி வரிகளையே அவன் நாள்தோறும் படித்து வந்திருந்தான். வலுக்கட்டாயக் கட்டளையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டியபோது, தொடக்கத்திலேயே தெளிவான ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: 11க்கு மேற்பட்ட ஜி.சி.சி. பதிப்புகள் ஏற்கப்படமாட்டா. என்னுடைய பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கே அது விளங்கிற்று.

“கூடாவுக்குத் தனிக் கம்பைலர் இருக்கும்போது ஜி.சி.சி. எதற்கு?” என்று கேட்டேன். அவன் விளக்கினான். கூடாவின் கம்பைலர் நிரலை இரண்டாகப் பிரிக்கிறது. கார்டில் ஓடவேண்டிய பங்கைத் தானே மொழிமாற்றிக்கொண்டு, கணிப்பொறியின் மூளையில் ஓடவேண்டிய பங்கை ஜி.சி.சி.யிடம் ஒப்படைக்கிறது. ஜி.சி.சி.யோடு வரும் தலைப்புக் கோப்புகளை இரண்டுமே படிக்கவேண்டும். கூடா 11.8 வெளியானது 2022இல். அது 11ஆம் பதிப்பு வரையிலான ஜி.சி.சி.யையே ஏற்கும். பின்னர் வந்த கூடாக்கள் பின்னர் வந்த ஜி.சி.சி.க்களை ஏற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய ஒலவக்கோடு நினைவுக்கு வந்தது. என் சிறு வயதில் பொள்ளாச்சிப் பாதை மீட்டர் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். ஷொர்ணூர்ப் பக்கம் செல்வது அகலப்பாதை, 1676 மில்லிமீட்டர். இரண்டு வண்டிகளும் ஒரே நிலையத்தில் நிற்கும். ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதன் பாதையில் ஏறாது. பழுது பெட்டியிலும் இல்லை, பாதையிலும் இல்லை. 2008இல் அந்தப் பாதையை மூடி, 2015இல் அகலப்பாதையாகத் திறக்கும் வரை ஏழு ஆண்டுகள் பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில்தான் சென்றோம். நான் செய்யச் சொன்னதும் அத்தகைய காரியமே: பெட்டி பழையதாயிருக்க, பாதையை மட்டும் ஒரே இரவில் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பழைய பார்சல் ரசீது ஒன்றின் பின்புறத்தில் எண்களை எழுதினோம். கூடா 11.8. ஜி.சி.சி. 12. பைடார்ச் உருவாக்கப்பட்ட கூடா 12.1. கார்டின் கட்டளை காட்டியது 12.2. நான்கும் நான்கு திசை.

கடைசி எண்ணைப் பற்றிய ஐயம் முதலில் தீர்ந்தது. என்விடியா-எஸ்.எம்.ஐ. காட்டும் எண் நாம் நிறுவிய கூடாவின் எண்ணே அன்று. கார்டை இயக்கும் டிரைவர் எந்த எண் வரையில் தாங்கும் என்பதற்கான அறிவிப்பு. பாலத்தின் முகப்பில் எழுதிய சுமை வரம்பைப் பார்த்து, வண்டியில் அத்தனை சுமை இருக்கிறதென்று நினைப்பாருண்டோ? 12.2 தாங்கும் டிரைவர் 11.8ஐயும் தாங்கும். ஆக, கார்டில் ஏமாற்று எதுவும் இல்லை. பையன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். கடைக்காரரைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சுக்களை எண்ணி எனக்கும் வெட்கமாயிற்று.

ஜி.சி.சி. 11 அழிந்துபோகவில்லை, இரண்டு பதிப்புகளும் வேறு வேறு பெயரில் ஒரே கணிப்பொறியில் இருக்கலாம். கூடாவுக்கு 11ஐக் காட்டும்படி கட்டளை அமைத்தான். மீண்டும் அதே பிழை! இங்கேதான் இருவரும் மனம் தளர்ந்தோம். சிமேக் என்ற மென்பொருள்தான் நிரலைக் கட்டும் வேலையை மேற்பார்வை செய்கிறது. அது முதல்முறை எந்தக் கம்பைலரைக் கண்டதோ அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். நாம் பின்னால் கட்டளையை மாற்றினாலும் குறிப்பேட்டையே நம்பும். மாறுதலாகிப் போன அதிகாரியின் பெயருக்கே கோப்பு அனுப்பும் குமாஸ்தாவை நான் அறிவேன். ‘பில்டு’ என்ற அந்த அடைவை முழுவதுமாக நீக்கிவிட்டுத் தொடக்கத்திலிருந்து கட்டியபோது முதற்பகுதி உருவாயிற்று.

எஞ்சியது பைடார்ச். முதல் நாள் அது சொன்ன குறையும் இதுவே: தான் 12.1ஐக் கொண்டு உருவானதாகவும், இங்கே காண்பது 11.8 என்றும் எண்ணோடு கூறியிருந்தது. அதே பைடார்ச்சை 11.8க்கென்று உருவாக்கியும் வெளியிட்டிருந்தார்கள். அதை இறக்கிக்கொள்வதே மருந்து. கூடாவையே 12.1க்கு உயர்த்தினால் என்ன என்று கேட்டேன். கல்லூரியில் தேர்வாளர் முன் ஓடவேண்டிய கணிப்பொறியில் 11.8 இருப்பதால் அது உதவாது என்றான். முதல் நாளே நான் இதைக் கேட்டிருந்தால் அவனுக்குப் பத்து இரவுகள் மிஞ்சியிருக்கும்.

விடியற்காலை இரண்டு மணிக்கு இரண்டாம் பகுதியும் உருவாகி ஓடிற்று. கார்டின் விசிறி இரையத் தொடங்கியது. அதுவரை அந்த ஒலியை நாங்கள் கேட்டதேயில்லை.

பெரிய கணிப்பொறிகளை வைத்திருப்பவர்கள் இச்சங்கடத்துக்கு வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் பையனிடம் கூறினாராம். நம் கஞ்சிக்கோட்டில் உள்ள பாலக்காடு ஐ.ஐ.டி. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சி மையங்களுள் ஒன்று. இத்தகைய பெருங்கணிப்பொறிகளில் ஒரே கம்பைலரின் பல பதிப்புகளை அருகருகே வைத்து, யாருக்கு எது வேண்டுமோ அதை ஒரு கட்டளையால் எடுத்துக்கொள்ளும்படி செய்வது வழக்கமாம். ஒன்றைப் புதுப்பிப்பதற்காக மற்றதை அழிப்பதில்லை. பையனும் இப்போது தன் நிரலோடு ஒரு சிறு தாளில் நான்கு எண்களையும் எழுதிச் சேர்த்து வைக்கிறான்.

சித்திரையில் தமக்கையார் வந்தார். மூணாற்றிலிருந்து மறையூர் வழியே உடுமலைப்பேட்டைக்குப் பஸ். அங்கிருந்து பாலக்காட்டுக்கு ரயில், அந்த அகலப்பாதையிலேதான். வந்ததும் பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், நான் சொன்ன பொய் உட்பட. அவர் என்னைப் பார்த்து, “எங்கிட்டயே மறைச்சுட்டியா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு திரையின் முன் அமர்ந்தார். அவர் பிடித்த இலைகள் ஒவ்வொன்றாக வந்தன. நோயுள்ள இடத்தைச் சிவப்புக் கட்டம் சுற்றிக் காட்டியது. தலையை அசைத்துக்கொண்டே வந்தவர் ஓர் இலையில் கையை நீட்டி நிறுத்தினார்.

“இது கொப்புளம் இல்லடா. வெயிலு பட்டுக் கருகினது. ஓரம் காஞ்சிருக்கு பாரு. கொப்புளம்னா திருப்பிப் பாத்தா வெள்ளையா இருக்கும்.”

பையன் காகிதத்தை எடுத்து அந்தப் படத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, “அடுத்தது பாருங்கம்மா” என்றான்.